வெயிலோட்டத்தில் குடலைக் காப்பது எது: குளுக்கோஸா, புரதமா?

கடும் வெயிலில் ஓடும்போது இரத்தம் தோலுக்கும் தசைக்கும் திரும்பிவிடுவதால், குடலின் உட்சுவர் போதிய இரத்தமின்றிச் சேதமடைந்து, நச்சுப்பொருள்கள் கசிய வழி ஏற்படுகிறது. 35 டிகிரி வெப்பத்தில் 2 மணி நேரம் ஓடியவர்களுக்கு 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 15 கிராம் குளுக்கோஸையோ வே (பாலிலிருந்து பிரித்தெடுக்கும் whey) புரதக் கரைசலையோ கொடுத்துப் பார்த்த ஆய்வில், வெறும் தண்ணீரைவிட இரண்டுமே இந்தச் சேதத்தைக் குறைத்தன. ஆனால், புரதம் குடித்தவர்களுக்கு வயிற்றுத் தொல்லை கூடியது. குமட்டலோடு ஓடுபவர் அடுத்த மிடற்றையே தவிர்த்துவிடுவார் என்பதால், ஓடும் நேரத்துக்குக் குளுக்கோஸே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அதையும் 250 மில்லி தண்ணீருக்குச் சுமார் மூன்று தேக்கரண்டி என்ற அளவில், ஒரு சிட்டிகை உப்புடன் நீர்க்கக் கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் அது குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றைக் கலக்கிவிடும். புரதத்தை ஓட்டம் முடிந்தபின் தசைகளுக்காக எடுத்துக்கொள்ளலாம்.