பழைய கெர்னலுக்கு ரியல் டைம்: பேட்சா, ஜெனோமாயா, தனிச் சிப்பா?

பல்லடம், சோமனூர் பக்கம் ஒரு ரேப்பியர் தறி நிமிடத்துக்கு 300 பிக் (குறுக்கு நூல் செலுத்தல்) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 200 மில்லி விநாடி. தண்டு ஒரு டிகிரி திரும்ப ஏறக்குறைய 0.55 மில்லி விநாடி. கன்ட்ரோலர் போர்டில் இருப்பதோ சிப் கம்பெனி கொடுத்த லினக்ஸ் 4.9 கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. பென் டிரைவில் டிசைன் ஏற்றும் நேரம் பார்த்து அடுத்த நூலைத் தேர்ந்தெடுக்கும் நூல் செலக்டர் ஓரிரு டிகிரி பிந்துகிறது. சாதா லினக்ஸ் சராசரியில் வேகம்தான். அதிகபட்சம் எவ்வளவு பிந்தும் என்பதற்குத்தான் அதனிடம் உத்தரவாதம் இல்லை. அந்த உத்தரவாதம்தான் ரியல் டைம்.

முதல் வழி, ப்ரீஎம்ப்ட் ஆர்டி (ஆர்டி என்றால் ரியல் டைம்) பேட்ச், அதாவது கெர்னலின் மூலநிரலில் போடும் திருத்தம். கெர்னலின் ஸ்பின்லாக்குகளில் (சிபியுவை விடாமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டுகள்) பெரும்பாலானவற்றை இது தூங்கக்கூடிய பூட்டுகளாக மாற்றுகிறது. இன்டரப்ட் (வன்பொருள் கவனம் கேட்டுத் தரும் சைகை) வேலைகளை முன்னுரிமை கொடுக்கக்கூடிய த்ரெட்டுகளாக்குகிறது. உங்கள் புரோகிராமை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஷெட்யூல் ஃபைஃபோ என்ற ரியல் டைம் முன்னுரிமை கொடுத்து, அதன் நினைவகம் டிஸ்க்குக்கு நகராதபடி பூட்டினால் போதும். 4.4, 4.9, 4.14, 4.19 வரிசைகளுக்கு இந்தப் பேட்ச் உண்டு. தலைவலி வேறு இடத்தில். கம்பெனிக்காரர் தன் கெர்னலில் ஆயிரம் மாற்றம் செய்திருப்பார், பேட்ச் அங்கங்கே மோதும். அதைச் சரிசெய்த பிறகும், இன்டரப்டை நெடுநேரம் மூடிவைக்கும் ஒரே ஒரு டிரைவர் மொத்த உழைப்பையும் கெடுத்துவிடும்.

இரண்டாவது வழியான ஜெனோமாய் வேறு ரகம். லினக்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ரியல் டைம் கெர்னல் உட்கார்ந்து, இன்டரப்ட்டை முதலில் வாங்கிக்கொள்ளும். தாமதம் பொதுவாக இதில் இன்னும் குறைவு. ஆனால் ரியல் டைம் த்ரெட் சாதாரண லினக்ஸ் அழைப்பு ஒன்றைச் செய்தாலே லினக்ஸ் பக்கம் நழுவிவிடும், உத்தரவாதம் போச்சு. டிரைவர்களையும் அதற்கென்றே எழுத வேண்டும். இன்டரப்டை முதலில் ஜெனோமாய்க்குத் திருப்ப அடியில் போடும் ஐ-பைப் பேட்சும் கெர்னல் பதிப்போடு ஒட்டிப் பிறந்தது. கோவை கணபதியில் இரண்டு பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு இது கட்டுப்படியாகாது என்பேன்.

மூன்றாவது வழி, தனிச் சிப். ஸ்டெப்பர் மோட்டாருக்கு 20 கிலோஹெர்ட்ஸ் பல்ஸ் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 50 மைக்ரோ விநாடிதான். அங்கே கெர்னலோடு மல்லுக்கட்டாமல் ஒரு மைக்ரோகன்ட்ரோலரிடம் தள்ளிவிடுங்கள். பீகிள்போன் போர்டில் இருக்கும் ஏஎம்335எக்ஸ் சிப்புக்குள்ளேயே 200 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு குட்டிக் கோர்கள் இதற்கென்றே இருக்கின்றன. லினக்ஸ் கட்டளை கொடுத்தால் போதும்.

புது கெர்னலுக்குத் தாவலாமே என்பார்கள். 2024 நவம்பரில் வந்த 6.12-இல் ஆர்டி மூலக் கெர்னலிலேயே சேர்ந்தது உண்மை. ஆனால் அந்தப் பதிப்பில் அது எக்ஸ்86, 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ஆகியவற்றுக்குத்தான். பழைய 32 பிட் ஆர்ம் போர்டுக்கு உடனே உதவாது.

ஆகவே செலக்டருக்கு ஆர்டி பேட்ச், பல்ஸுக்குத் தனிச் சிப். பேட்ச் போட்டதும் தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் புரோகிராமை இரவு முழுக்க ஓடவிடுங்கள், கூடவே பென் டிரைவ் காப்பியும் நெட்வொர்க்கும் ஓடட்டும். சராசரியை விடுங்க, அதிகபட்ச எண்ணை மட்டும் பாருங்க. அது 200 மைக்ரோ விநாடிக்குள் நின்றால் இந்தத் தறிக்குத் தாராளம்.