கார்டு தங்கம், கூட வர்ற டிரைவர் தான் வெஷம்

ஆபீஸ் லேபுக்கு வாங்குன பிசிஐஇ டேட்டா அக்விசிஷன் கார்டு இது (வோல்ட்டேஜ அளந்து கம்ப்யூட்டருக்கு நம்பரா குடுக்கும்), 16 பிட், பிளஸ் மைனஸ் 10 வோல்ட். ஆறு மாசமா ஓடுது, நாய்ஸ் கம்மி, டெர்மினல் ஸ்க்ரூ எல்லாம் நல்ல கெட்டி. கார்ட குறை சொல்ல முடியாது. கூட குடுத்த லினக்ஸ் டிரைவர் தான்...

அதே மெஷின்ல ஒரு சிமுலேஷன் ஓடுது, அதுக்கும் கார்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, ஆனா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தப்பான விடை குடுக்கும். ரேம் மாத்துனோம், கம்பைலர் மாத்துனோம், அத எழுதுன பையன வேற திட்டிட்டேன், பாவம். கடைசில ஒரே கணக்க திரும்ப திரும்ப போட்டு விடை மாறுனா நின்னுடற மாதிரி பத்து வரி சி புரோகிராம் எழுதி, கார்டோட இன்டரப்ட் (கார்டு சிபியூவ கூப்பிடற சிக்னல்) எந்த கோர்ல விழுதுன்னு பாத்து, டாஸ்க்செட் கமாண்ட் போட்டு அதே கோர்லயே கட்டி வெச்சு ஓட்டுனா, டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நின்னு கெடக்கு. வேற கோர்ல ராத்திரி பூரா ஓடுச்சு, ஒண்ணும் ஆகல.

சோர்ஸ தொறந்தா, இன்டரப்ட் வந்ததும் ஓடற ஹேண்ட்லர்குள்ளயே, கவுண்ட்ட (கார்டு குடுக்கற முழு எண்) வோல்ட்டா மாத்த டபுள்ல, அதாவது தசம எண்ல, பெருக்கல்! கெர்னல் (லினக்ஸோட மையம், டிரைவர் ஓடறது அதுக்குள்ள தான்) எஸ்எஸ்இய, அதாவது சிபியூ தசம கணக்கு போடற வசதிய, ஆஃப் பண்ணி தான் கம்பைல் ஆகும், எரர் அடிச்சிருக்கணும், இவங்க மேக்ஃபைல்ல (எப்படி கம்பைல் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) எஸ்எஸ்இ2 ஃப்ளாக சேத்து அது வாய அடைச்சிட்டாங்க. இன்டரப்ட் வந்தா சாதா ரிஜிஸ்டர் தான் சேவ் ஆகும், எஸ்எஸ்இ கணக்கு நடக்கற எக்ஸ்எம்எம் ரிஜிஸ்டர்ல யூசர் புரோகிராம் வெச்சிருந்தது அங்கயே கெடக்கும், டிரைவர் அது மேல எழுதிட்டு கமுக்கமா போயிடுது. அந்த ரிஜிஸ்டர பத்திரப்படுத்தற கெர்னல்_எஃப்பியூ_பிகின், எண்ட் ரெண்டுக்கும் நடுவுல பெருக்கல போட்டிருந்தா பரவால்ல, ஆனா அதுக்குள்ள ஸ்லீப் பண்ணக் கூடாது, ஹேண்ட்லர்ல எஃப்பியூ (தசம கணக்கு போடற பகுதி) தொடலாமான்னு வேற கேட்டுக்கணும். ஏஎம்டி டிஸ்ப்ளே டிரைவர்ல அப்படி பண்றாங்க, அங்க கணக்கு அவ்ளோ இருக்கு. இங்க ஒரே ஒரு பெருக்கல்ங்க.

கவுண்ட்ட 2 கோடியால பெருக்கி 16 பிட் வலது பக்கம் தள்ளுனா மைக்ரோவோல்ட் முழு எண்ணாவே வந்துரும், 64 பிட் வேரியபிள் வேணும், அவ்ளோ தான். கெர்னல்ல டெம்பரேச்சரே தசமம் இல்லாம, 45 டிகிரிய மில்லி டிகிரில 45000ன்னு தான் குடுக்கும்.

சப்போர்ட்டுக்கு மெயில் போட்டா "எங்க டெஸ்ட்ல வரல"ன்னு பதில். நானே மாத்திக்கிட்டேன், சிமுலேஷன் அப்புறம் தப்பு பண்ணல, பையன்கிட்ட சாரியும் கேட்டாச்சு.

கார்டுக்கு 4 ஸ்டார். டிரைவருக்கு 1, அதுவும் சோர்ஸ் குடுத்ததுக்கு. வாங்குனீங்கன்னா இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி மேக்ஃபைல்ல எஸ்எஸ்இன்னு ஒரு தடவ தேடிப் பாத்துருங்க.