தினசரி ஓடும் லிஃப்ட் செய்த தாருக்கு எந்த ஏடி டயர்? ஜியோலாண்டரா, கேஓ2-வா?

ஆழியாரிலிருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். போன ஆடி மழையில் என் லிஃப்ட் செய்த (பாடியை உயர்த்திய) மஹிந்திரா தாரில் அங்கிருந்து இறங்கி வரும்போது ஒரு வளைவில் லேசாகத்தான் பிரேக்கில் கால் வைத்தேன். ஸ்டீயரிங் திரும்பிவிட்டது, வண்டி திரும்பவில்லை. அரை மீட்டர் நேராகவே போய், பிறகுதான் டயர் ரோட்டைப் பிடித்தது. எதிரில் பஸ் வரவில்லை, தப்பித்தேன்.

கீழே வந்து டீக்கடையில் நிறுத்தி, குனிந்து டயரைத் தடவிப் பார்த்தேன். பட்டன்கள் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) இன்னும் நல்ல உயரம். ஆனால் ரப்பர் கெட்டித்துப் போயிருந்தது. பட்டன் மேல் இருக்கவேண்டிய மெல்லிய கீறல்கள் தேய்ந்து, வெறும் வழவழப்பான கட்டைகளாக இருந்தன. எந்தக் கம்பெனி டயர் என்பது இங்கே முக்கியமில்லை. எஸ்டேட் கல்லில் ஒரு நாளும் என்னைக் கைவிடாத டயர் அது. ஈர ரோட்டில்தான் கைவிட்டது.

அதனால் அடுத்த செட் ஏடி டயர் (ரோடு, மண், கல் எல்லாவற்றுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன்) வாங்கும்போது கேள்வியையே மாற்றிக்கொண்டேன். எந்த டயர் அதிகம் தாங்கும் என்பதை விட்டுவிட்டு, என் சக்கரம் எதன்மேல் அதிகம் உருள்கிறது என்று பார்த்தேன். வாரத்தில் ஆறு நாள் கோவை அவிநாசி ரோடு. மாதத்தில் இரண்டு நாள் நண்பரின் எஸ்டேட்டில் கல்லும் சேறும். (காப்புக்காட்டுக்குள் வண்டி விடுவதைப் பற்றி நான் பேசவில்லை. அது குற்றம், அந்த எண்ணமே வேண்டாம்.)

என் வண்டி 2020-ல் வந்த மாடல் தார், 16 இன்ச் ரிம், இரண்டு இன்ச் லிஃப்ட். கம்பெனி டயர் அளவு 245/75 ஆர்16. லிஃப்ட் போட்டவர்கள் பலர் 265/75 ஆர்16-க்குப் போகிறார்கள். விட்டம் 774 மி.மீ.யிலிருந்து 804 ஆகிறது. லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும். தாரின் பின் ஆக்ஸில் ஒரே தண்டு, அதன் நடுவில் தொங்கும் டிஃப்ரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் உருண்டை) இருந்த உயரத்திலேயே இருக்கும். கல் இடிப்பது அங்கேதான். அதைத் தூக்குவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி: 15 மி.மீ. அதற்குக் கொடுக்கும் விலை, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 104-ல் ஓடும். இரண்டாவது கியரில் ஏற்றம் ஏறும்போது இழுவை குறைவதும் தெரியும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. லிஃப்ட், டயர் அளவு இரண்டுக்கும் ஆர்டிஓவிடமும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

சரி, டயருக்கு வருவோம். கடைசியில் என் முன் நின்றவை இரண்டு: பிஎஃப் குட்ரிச் ஆல் டெரெய்ன் கேஓ2, யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடி ஜி015.

கேஓ2-வின் பெருமை அதன் சைடு, அதாவது பக்கச் சுவர். பாஹா என்ற பாலைவனப் பந்தய டயரிலிருந்து எடுத்த கட்டமைப்பு, தோள்பட்டையில் கூடுதல் ரப்பர். கூரான கல் டயரின் நடுவில் குத்தினால் பஞ்சர் கடையில் ஒட்டிவிடலாம். சைடில் கிழித்தால் அந்த டயர் முடிந்தது. கல் வழியில் பயப்பட வேண்டியது இந்தக் கிழிசலுக்குத்தான். அந்த விஷயத்தில் கேஓ2-வுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஏடி டயர்கள் குறைவு. கெட்டி ரப்பர் என்பதால் உழைப்பும் அதிகம்.

ஆனால் 265/75 ஆர்16-ல் பலரும் வாங்கும் கேஓ2, எல்டி (லைட் டிரக்) வகை, லோடு ரேஞ்ச் இ, அதாவது அதிக பாரம் தாங்கும் கனமான கட்டமைப்பு. அதில் அச்சிட்ட 123 என்ற எண் ஒரு டயர் 1,550 கிலோ தாங்கும் என்கிறது. நான்கு டயரும் சேர்ந்தால் ஆறு டன்னுக்கு மேல்! ஆள், சாமான் எல்லாம் ஏற்றினாலும் தார் இரண்டு டன்னைச் சுற்றித்தான் நிற்கும். ஜி015 இதே அளவில் சாதாரண வகையிலும் வருகிறது, எண் 116. அதாவது டயருக்கு 1,250 கிலோ, நான்குக்கும் ஐந்து டன். அதுவே இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே இ ரேஞ்சில் நீங்கள் வாங்குவது கல்லுக்கு எதிரான கவசம், பாரம் தாங்கும் பலம் தாருக்குத் தேவையே இல்லை. அந்தக் கவசத்தின் எடையை அவிநாசி ரோட்டு சிக்னல் ஒவ்வொன்றிலும் எஞ்சின் சுழற்றவேண்டும், பிரேக் நிறுத்தவேண்டும். வேகத்தடையில் அதன் விறைப்பு நேராக முதுகுக்கு வரும். லிஃப்ட் செய்த வண்டி ஏற்கெனவே உயரத்தில் ஆடுகிறது. அதன் காலில் இன்னும் எடை கட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஜியோலாண்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பட்டன்கள் நெருக்கமாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் வளைந்து நெளிந்த கீறல்கள். ஈர ரோட்டில் தண்ணீர்ப் படலத்தை அறுத்து ரப்பரை ரோட்டோடு ஒட்டவைப்பது இந்தக் கீறல்கள்தான். சைடில் மலைச் சின்னத்துக்குள் பனிப்படிக முத்திரை இருக்கும். நமக்குப் பனி எதற்கு என்று கேட்கலாம். பனியில் தேறுவதற்கு உதவும் அதே கீறல்கள்தான் மழையிலும் உதவுகின்றன. இந்த முத்திரை கேஓ2-விலும் உண்டு, அதனால் முத்திரையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சத்தமும் ஜியோலாண்டரில் குறைவு, 80-ல் போகும்போது பின்சீட்டில் இருக்கும் அம்மாவோடு குரலை உயர்த்தாமல் பேசமுடிகிறது.

அது தோற்கும் இடம் ஒட்டும் சேறு. பட்டன் இடைவெளி சிறியது என்பதால் களிமண் அடைத்துக்கொண்டால் சீக்கிரம் உதிராது. சைடும் கேஓ2 அளவுக்குக் கனமில்லை. கல்லில் நான் இதைப் பொறுமையால் ஈடுகட்டுகிறேன்: காற்றை 30-லிருந்து 20 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டு, நடை வேகத்தில், கல்லின் ஓரத்தைச் சைடு உரசாதபடி டயரின் முகத்தால் ஏறுவேன். மணலென்றால் 16 வரை இறக்குவேன். காற்றை இறக்கினால் எந்த ஏடி டயரும் வேறு டயராகிவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப நிரப்பச் சின்ன கம்ப்ரஸர் கட்டாயம் வேண்டும்.

எம்டி டயரை (சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன்) நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. தினமும் ஓடும் வண்டிக்கு, அதுவும் மழையில், அது சரிப்படாது. இன்னொரு பக்கம், லிஃப்ட் மட்டும் செய்துவிட்டு எஸ்டேட் மண்பாதைக்கு மேல் எதுவும் போகாதவர் என்றால் 245/75-லேயே இருந்து, அப்பல்லோ ஆப்டெரா ஏடி2 போன்ற நம் ஊர்ச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் டயரைப் போட்டுக்கொள்ளலாம். பாதி வழியில் ஒரு டயர் போனால் அடுத்த ஊரிலேயே மாற்று கிடைப்பது பெரிய விஷயம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு வெளிநாட்டு டயர்களில் அந்த நிம்மதி குறைந்துவிட்டது.

நான் எடுத்தது ஜியோலாண்டர், 265/75, எல்டி இல்லாத சாதாரண வகை. என் நண்பருக்கோ கேஓ2-வைத்தான் சொன்னேன். அவர் தினமும் ஓட்டுவதே உடைந்த கல் பாவிய எஸ்டேட் பாதையில், வண்டி 40-ஐத் தாண்டுவதே அபூர்வம், பஞ்சர் கடைக்கு ஒன்றரை மணி நேரம் இறங்கவேண்டும். அவருக்கு அந்தக் கவசம் வேண்டும்.

எதை வாங்கினாலும் ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னி மட்டும் பழைய 245-ஆக இருந்து, அதைப் பின் சக்கரமாக மாட்டிக்கொண்டு 4x4 போட்டால் டிஃப்ரன்ஷியலும், முன் பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் முறுக்கிக்கொள்ளும். தாரில் ஸ்டெப்னி தொங்குவது பின் கதவில். கனமான டயர் மாட்டிய பிறகு கதவைத் திறந்து கீலைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் மாட்டும்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். அப்புறம், பணம் கொடுக்கும் முன் சைடில் உள்ள நான்கு இலக்கத் தேதி எண்ணைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது. எனக்குக் கடையில் முதலில் எடுத்து வைத்த ஐந்தில் இரண்டு, மற்ற மூன்றைவிட மூன்று வருடம் பழையவை. குடோனில் கிடந்தே கெட்டித்துப்போகும் ரப்பர் அது. மாற்றித் தரச் சொன்னேன், நான்கு நாள் காத்திருந்து வாங்கினேன்.