பாத்திரம் கொண்டு வாருங்கள்: பாளையங்கோட்டையில் ஒரு சலவைப்பொருள் கடை

பாளையங்கோட்டை தெற்கு பஜாரிலிருந்து பிரியும் குறுந்தெரு ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை இருக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பாத்திரம் கொண்டு வாருங்கள்’ என்று மட்டும் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்கள். சலவைத்தூள், பாத்திரம் துலக்கும் திரவம், பூவந்திக்கொட்டை, சீயக்காய், அரப்பு, சலவைச் சோடா, தேங்காய் நார், பீர்க்கங்கூடு ஆகியவற்றை எடை போட்டு, நாம் கொண்டுபோகும் டப்பாவிலேயே கொட்டித் தருகிறார்கள். உள்சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது: ‘நம் வீட்டுச் சாக்கடை ஆற்றுக்குப் போகிறது, ஆறு பவளப்பாறைக்குப் போகிறது.’ சோப்பு விற்பவருக்கும் பவளப்பாறைக்கும் என்ன தொடர்பு என்ற ஐயத்தோடுதான் முதல்முறை உள்ளே நுழைந்தேன். மூன்று மாதங்கள் தொடர்ந்து வாங்கிப் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன்.

அட்டையில் உள்ள கூற்று மிகையானதன்று. பொதிகையில் பிறந்து பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று ஊர்தோறும் துணி துவைத்த நீரையும் குளித்த நீரையும் வாங்கிக்கொண்டு வரும் தாமிரபரணி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அங்கிருந்து வடக்கே, தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே, பவளப்பாறைகள் சூழ்ந்த 21 தீவுகள் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. அது அறிவிக்கப்பட்ட 1986ஆம் ஆண்டில்தான் தூத்துக்குடி நம்மிடமிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதுவரை நாட்டின் முக்கியமான பவளப்பாறைப் பகுதிகளில் ஒன்றின் தென்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தின் கரையோரமாகவே இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். பவள உயிரிகள் தெளிந்த, சத்துக் குறைந்த நீரில் வாழப் பழகியவை. பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் மிகுந்தால் பாசி தழைத்துப் பாறையை மூடிவிடும். ஒட்டி வளர்வதற்கு வெற்றுப் பாறை தேடி வரும் இளம் பவளக் குஞ்சுகளுக்கு அதன்பின் இடம் கிடைப்பதில்லை.

எனவே இந்தக் கடையில் முதன்மையாக மதிப்பிட வேண்டிய பொருள் பாஸ்பேட் கலக்காத சலவைத்தூள்தான். விலை கிலோ 160 ரூபாய். மாநகராட்சி வழங்கும் ஆற்று நீரில் இத்தூள் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்கிறது. சட்டைக் கழுத்துப்பட்டையின் அழுக்கைத் துவைகல்லில் சற்றுக் கூடுதலாகத் தேய்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கோடையில் குழாயில் நீர் வராத பத்து நாள்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் துவைத்தபோது நுரை எழவில்லை, வாளியின் ஓரத்தில் வெண்மையான திப்பி படிந்தது, பனியன்கள் சாம்பல் நிறமாயின. கடைக்கார அம்மாவிடம் முறையிட்டேன். ‘அண்ணாச்சி, உப்புத் தண்ணியில துவைச்சியளா? அப்பம் முதல்ல சலவைச் சோடாவக் கரைச்சு விடணும்லா’ என்றார். அவர் சொன்னது சரி. உப்பு நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கட்டுப்படுத்தத்தான் சலவைத்தூள்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் வழக்கமே வந்தது; அதை நீக்கினால் அந்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். சலவைச் சோடா அந்தச் சுண்ணாம்பைத் திரித்து அடியில் படியச் செய்கிறது. வாளிக்கு ஒரு கரண்டி கரைத்துச் சிறிது நேரம் கழித்துத் தூளைப் போட்டபின் குறை பெரும்பாலும் நீங்கியது. இதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் மனத்தாங்கல். பாதி ஊர் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கையில், இந்த ஒரு வரி இல்லாமல் தூளை விற்றால், வாங்குபவர் ஒரே மாதத்தில் பழைய பொட்டலத்துக்கே திரும்பிவிடுவார்.

பூவந்திக்கொட்டை எங்கள் ஆச்சி பட்டுச்சேலை அலசிய பொருள் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. கொட்டையை நீக்கி, தோலை இரவில் ஊறவைத்துக் காலையில் கசக்கி வடித்தால் கிடைக்கும் நீர் பட்டுக்கும் கம்பளிக்கும் உகந்தது. அன்றாட அழுக்குக்குப் போதாது. கடையில் ‘முற்றிலும் இயற்கையானது, ஆற்றுக்குத் தீங்கற்றது’ என்று இதற்கு எழுதியிருப்பதை மட்டும் திருத்த வேண்டும். பூவந்திக்காயின் நுரைச்சத்து மீனுக்கு நஞ்சு. நீரில் கரைத்து மீனை மயக்கிப் பிடிக்க அதைப் பயன்படுத்தியவர்களே உண்டு. மண்ணில் எளிதில் சிதைந்துவிடும் என்பதால் வாழைமரத்தடியில் ஊற்றலாம். குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து அலசுவதற்கு அது உரிமம் தந்துவிடாது. எந்தச் சோப்பானாலும் ஆற்றுக்குள் நின்று துவைக்காமல், நீரை மொண்டு கரைக்கு மேலே துவைப்பதே நல்லது.

தேங்காய் நாரும் பீர்க்கங்கூடும் பாத்திரம் துலக்கப் போதுமானவை. தேயத் தேய இழை இழையாக உதிர்ந்து சாக்கடையில் இறங்கும் பிளாஸ்டிக் நாருக்கு இவை மாற்று என்பதில் ஐயமில்லை. பீர்க்கங்கூடு ஆறு வாரம் உழைத்தது.

கடையில் எனக்கு ஏமாற்றமளித்தது தகர டப்பியில் வரும் சன்ஸ்கிரீன். 50 கிராம் 450 ரூபாய். மூடியில் ‘பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது’ என்ற வாசகம். இதில் பவளத்துக்குத் தீங்கானவை எனக் கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய இரண்டு வேதிப்பொருள்களும் இல்லை, துத்தநாக ஆக்சைடுதான் இருக்கிறது என்பது உண்மை. அவற்றில் ஏதேனும் ஒன்று கலந்த சன்ஸ்கிரீன்களை விற்பதற்கு ஹவாய் மாநிலம் 2018இல் சட்டம் இயற்றி, 2021 முதல் தடை விதித்திருக்கிறது. ஆனால் மூடியில் அச்சிட்ட அந்த வாசகத்துக்குச் சட்டம் வகுத்த அளவுகோல் எதுவும் இல்லை. ஆய்வகத்தில் பவளக் குஞ்சுகளைப் பாதித்த அளவு திறந்த கடலில் உண்மையில் சேர்கிறதா என்பதிலும் அறிவியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பூசிப் பார்த்தேன், முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்தது. திருச்செந்தூரில் கடலாடுவோர் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்கி நான் கண்டதில்லை. அவர்கள் மணலில் விட்டுச் செல்லும் ஷாம்பு பாக்கெட்டுகளைத்தான் காண்கிறேன். வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் தலையில் ஒரு துண்டும் போதும். 450 ரூபாயும் மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதல்முறை சென்றபோது கல்லாப்பெட்டி அருகே கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் வெண்பவளத் துண்டுகள் நான்கைந்து அழகுக்காக வைக்கப்பட்டிருந்தன. பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை; புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்குமாக ஒரு காலத்தில் பாறைகளை வெட்டி எடுத்ததன் விளைவாக, தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள் மூழ்கியே போனது. இதை அந்த அம்மாவிடம் தயங்கித்தான் சொன்னேன். யாரோ உறவினர் வெகுகாலத்துக்கு முன் கொடுத்தது என்றார். முகம் சற்று வாடியது. அடுத்தமுறை கிண்ணத்தில் பூவந்திக்கொட்டை இருந்தது.

சலவைத்தூள் வாங்கினால் பவளப்பாறை பிழைத்துவிடும் என்று அட்டை படிப்பவர் நினைத்துவிடக் கூடாது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததற்குக் காரணம் கடல்நீரின் வெப்பம். வெப்பம் கூடினால் பவளம் தன் உடலுக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. வெப்பம் நீடித்தால் பட்டினியில் மடிகிறது. சாக்கடையை எவ்வளவு திருத்தினாலும் இது நிற்காது. மின்சாரத்துக்காக நிலக்கரியையும் வண்டிக்காகப் பெட்ரோலையும் எரிக்கும் அளவு குறைய வேண்டும். ஆயினும், வெளுத்த பாறை மீளும்போது அதன்மேல் பாசி மூடாதிருக்க நீர் தெளிவாக இருக்க வேண்டும். கடையின் பங்கு அந்த அளவில்தான், அது சிறிதன்று. அந்த வகையில் பார்த்தால், பாபநாசத்தில் குளித்தபின் பழைய வேட்டி சேலையை ஆற்றில் விட்டுவரும் வழக்கத்தை எதிர்த்தும் சுவரில் இன்னோர் அட்டை தொங்கலாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: சலவைத்தூள், சலவைச் சோடா, தேங்காய் நார் ஆகிய மூன்றையும் தயங்காமல் வாங்கலாம். பாத்திரம் துலக்கும் திரவம் சுமார், எண்ணெய்ப் பிசுக்குக்கு இருமுறை தேய்க்க வேண்டும். சன்ஸ்கிரீனைத் தவிர்க்கலாம். ஞாயிறு விடுமுறை. டப்பாவை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு போங்கள். ஈரமிருந்தால் தூள் கட்டிப்படும் என்று அந்த அம்மா திருப்பி அனுப்பிவிடுவார், என்னை இருமுறை அனுப்பியிருக்கிறார்.