‘கேனிங்’ பொத்தானை நம்பி 12 ஜாடிக் கோழிக்கறியைக் குப்பையில் போட்டேன்

நாங்கள் இருப்பது டென்வரில். போன செப்டம்பரில் எலும்பில்லாத கோழிக்கறி மலிவாகக் கிடைத்தது. ஜாடியில் அடைத்து, கெடாதபடி சூடாக்கி மூடிவைத்தால் (இதுதான் கேனிங்) பனிக்காலம் முழுக்க ஆகுமே என்று, ஜாடிகளை ஆவி அழுத்தத்தில் சூடாக்கும் ப்ரஷர் கேனர் தேடினேன். அடுப்பில் வைக்கும் அந்தப் பெரிய அலுமினிய அண்டாக்களைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஆன்லைனில் ஒரு மின்சாரப் பானை கண்ணில் பட்டது. 160 டாலர். முகப்பில் ‘கேனிங்’ என்று தனிப் பொத்தான், பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘யு.எஸ்.டி.ஏ. (அமெரிக்க வேளாண் துறை) அங்கீகாரம் பெற்றது’. "நாங்கள் 5,280 அடி உயரத்தில் இருக்கிறோம், சரிப்படுமா?" என்று விற்பவரிடம் எழுதியே கேட்டேன். எந்த உயரமானாலும் தானே சரிசெய்துகொள்ளும் என்று பதில் வந்தது.

ஒரு ஈட்டுக்கு நாலு ஜாடி, ஒவ்வொன்றும் ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டர் போல. மூன்று ஈடு, ஒவ்வொன்றும் 75 நிமிடம். ஆறும்போது மூடிகள் ‘டிக், டிக்’ என்று உள்வாங்கும் சத்தம் கேட்டு அப்படி ஒரு பெருமை எனக்கு.

அப்புறம் கொண்டைக்கடலைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்க எங்கள் கவுன்ட்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்துக்கு (விவசாயம், உணவு பற்றி மக்களுக்கு ஆலோசனை சொல்லும் இடம்) போன் செய்தேன். எடுத்த அம்மா முதலில் கேட்டதே, "கேஜ் எத்தனை பவுண்டு காட்டுகிறது?" என்றுதான். என் பானையில் அழுத்தம் காட்டும் அந்தக் கேஜே கிடையாது. கையேட்டைப் புரட்டினால் 70 கிலோபாஸ்கல் என்று போட்டிருந்தது. சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தம். உயரம் கூடினால் அழுத்தமும் கூட வேண்டுமாம்: எங்கள் உயரத்துக்கு முள் காட்டும் டயல் கேஜ் உள்ள கேனர் என்றால் 13 பவுண்டு, மூடிமேல் வெயிட் போடுகிற கேனர் என்றால் 15. நடுவில் அழுத்தம் இறங்கினால் மறுபடி முதலிலிருந்து நேரம் எண்ண வேண்டும். கேஜ் இல்லாமல் இறங்கியது எப்படித் தெரியும்?

பாட்டுலிசம் என்பது உயிரையே பறிக்கக்கூடிய உணவு விஷம்; அதைத் தரும் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. இறைச்சி, பருப்பு, காய் போன்ற புளிப்பில்லாத பண்டங்களுக்கு 116 டிகிரி செல்சியஸாவது வேண்டும். மூடி இறுகியிருப்பது காற்றுப் புகவில்லை என்பதற்குத்தான் சாட்சி. காற்றில்லாத இடம்தான் அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். அதன் விஷத்துக்கு வாசனையும் கிடையாது. இன்னொன்றும் அந்த அம்மா சொன்னார்: யு.எஸ்.டி.ஏ. எந்தக் கம்பெனி கேனருக்கும் அங்கீகாரம் தருவதே இல்லை. பெட்டியில் இருந்தது பச்சைப் பொய்.

பன்னிரண்டையும் திறக்காமலே தடித்த பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். விற்றவர், "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். உயரம் பற்றி அவரே எழுதிய பதிலைக் காட்டினேன். அதற்கப்புறம் பேச்சே இல்லை.

"நம்ம குக்கர்லயே வைக்கலாமே" என்றார் என் அம்மா, ஊரிலிருந்து. அதுவும் ஆகாது. சின்ன குக்கர் சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறிவிடும். சோதித்துப் போட்ட நேரக்கணக்கில் மெதுவாகச் சூடாவதும் ஆறுவதும் சேர்த்தி. குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) ஜாடி குறைந்தது நாலாவது நிற்கிற பாத்திரம் வேண்டும் என்பது அதனால்தான்.

இப்போது 23 குவார்ட் கேனர் ஒன்று வாங்கியிருக்கிறேன், அடுப்பில் வைப்பது. டயல் கேஜ் தப்பாகக் காட்டுமோ என்ற சந்தேகத்தில் 5, 10, 15 பவுண்டு வெயிட்டும் தனியாக வாங்கிக்கொண்டேன். அலுமினியம் என்பதால் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது, அதைப் பார்த்து வாங்குங்கள். மூடியில் ஆவி பத்து நிமிடம் பீறிட்டு வெளியேறிய பிறகுதான் வெயிட்டைப் போடுகிறேன்.

160 டாலர் இன்னும் வரவில்லை. அந்தப் பானையில் சாம்பாருக்குப் பருப்பு வேகிறது.