ஹோர்யூஜியா, யோயோகியா?

ஜப்பானில் கட்டடக்கலை பார்க்க ஒரே நாள்தான் என்றால் பலரும் குழம்புவது இங்கேதான்: பழைய புத்தக் கோயிலான ஹோர்யூஜியா, டோக்கியோவின் விளையாட்டு அரங்கமான யோயோகியா?

வயது: நாரா பக்கத்து ஹோர்யூஜி, உலகில் இன்றும் நிற்கும் மரக் கட்டடங்களிலேயே பழையது. ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூண் மரம் 594 வாக்கில் வெட்டியது, நம்புங்கள்! யோயோகி அரங்கம், 1964 ஒலிம்பிக்குக்காக கட்டடக் கலைஞர் கென்ஸோ டாங்கே வடிவமைத்தது.

செலவு: ஹோர்யூஜிக்கு டிக்கெட் உண்டு. யோயோகியை வெளியே சுற்றிப் பார்க்கக் காசில்லை, ஆனால் உள்ளே போக ஏதாவது நிகழ்ச்சி நடக்க வேண்டும்.

அலைச்சல்: ஹோர்யூஜிக்கு நாராவிலிருந்து ரயில், அப்புறம் நடை. யோயோகி ஹராஜுகு ஸ்டேஷன் பக்கத்திலேயே.

பார்க்க: ஹோர்யூஜி பிராகாரத் தூண்கள் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். யோயோகியில் கூரையே தொங்குபாலம் மாதிரி எஃகு வடங்களில் தொங்குகிறது.

டோக்கியோவை விட்டு நகர முடியாதவர்களுக்கும் பொறியியல் பிரியர்களுக்கும் யோயோகி. தச்சு வேலையை ரசிப்பவர்கள் யோசிக்காமல் ஹோர்யூஜிக்கு ரயில் ஏறலாம், என் ஓட்டும் அதற்குத்தான்.