முன்பக்கம் என்றார்கள், தழும்போ பின்பக்கம்

வீட்டில் யாருக்காவது இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடக்கப்போகிறதா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஆபரேஷன் முடிந்து 19-ஆம் நாள். அம்மா தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டக் குனிந்தார். டொக்கென்று ஒரு சத்தம், உடனே அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் வலது கால் குட்டையாகி, முட்டி உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொடை எலும்பில் பொருத்திய செயற்கைப் பந்து, இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணத்தை விட்டுப் பின்பக்கமாக நழுவியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து இழுத்துத்தான் உள்ளே தள்ளினார்கள்.

"முன்பக்கமாகக் கீறி உள்ளே போவோம், தசையை வெட்டமாட்டோம், நழுவவே நழுவாது, எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம்." ஆபரேஷனுக்கு முன் எங்களிடம் சொன்னது இது. சொன்னவர் சர்ஜன்கூட இல்லை, ஆலோசகராம். டிஸ்சார்ஜ் தாளிலும் 'கட்டுப்பாடு எதுவும் இல்லை' என்றே அச்சடித்திருந்தது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் தழும்பைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், இது பின்பக்க வழியில் செய்தது என்று. தினமும் புட்டத்தோரம் காயத்தின் மேல் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

பின்பக்க வழி மட்டமானது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்கப் பரவலாகச் செய்வதுதான். ஆனால் அதில் மூட்டின் பின்னால் இருக்கும் சிறு தசைகளையும் மூட்டு உறையையும் பிரித்துத்தான் உள்ளே போகிறார்கள். திரும்ப நன்றாகத் தைத்தால் நழுவும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. தைத்தது ஆறும்வரை இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்காதே, காலைக் குறுக்கே போடாதே, உள்பக்கம் திருப்பாதே என்று பொதுவாகச் சொல்லி அனுப்புவார்கள். முன்பக்க வழி என்றால் கவலை வேறு: காலைப் பின்னுக்கு நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதுதான் அங்கே ஆபத்து. பக்கவாட்டு வழியில் நழுவுவது குறைவு, ஆனால் சிலருக்கு நடையில் சாய்வு வரும். எங்களுக்குச் செய்தது ஒரு வழி, கொடுத்த தாள் இன்னொரு வழிக்கு.

அடுத்தது இன்னும் எரிச்சல். அம்மாவுக்குப் பல வருடம் முன்பே கீழ் முதுகில் ஸ்க்ரூ போட்டு எலும்பை இணைத்திருக்கிறார்கள். சாதாரணமாக உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாயும், கிண்ணமும் கூடவே திரும்பித் தொடைக்கு இடம் விடும். முதுகு இறுகியவர்களுக்கு அந்தச் சாய்வு குறைவு. தொடை முன்னால் இடித்து, பந்து பின்னால் நெம்பிக்கொண்டு வரும். கிண்ணத்தின் சாய்வு 40 பாகை, அது முன்னோக்கித் திரும்பியிருக்கும் அளவு 15 பாகை, இரண்டிலும் 10 முன்னே பின்னே என்பது 1978-லிருந்து சொல்லும் கணக்கு. அம்மாவின் கிண்ணம் அதற்குள்தான் இருந்தது, அப்படியும் நழுவியது. இப்படிப்பட்டவர்களுக்கென்றே பந்துக்குள் பந்து வைத்த இரட்டை அசைவு மூட்டு இருக்கிறது. எங்களிடம் யாரும் வாயே திறக்கவில்லை. உட்கார்ந்த நிலையில் ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. உள்ளே வைத்தது 28 மில்லிமீட்டர் பந்து. 32, 36 எல்லாம் உண்டு. பெரிய பந்து நழுவுவதற்கு அதிக தூரம் நகர வேண்டும். சின்னக் கிண்ணத்தில் பெரிய பந்து அடங்காது என்பதும் உண்மை, ஆனால் அதைச் சொல்லியிருக்கலாமே.

அதனால் சர்ஜனையே நேரில் கேளுங்கள்: எந்த வழி, அந்த வழியில் உங்கள் கை எவ்வளவு பழக்கம், பந்தின் அளவு என்ன, முதுகைப் பார்த்தீர்களா? ஆபரேஷன் மேசையில் திட்டம் மாறினால் அன்றைக்கே எங்களுக்குச் சொல்வீர்களா? வீட்டுக்குக் கிளம்பும் முன் ஆபரேஷன் குறிப்பையும் உள்ளே வைத்த மூட்டின் விவர ஸ்டிக்கர் ஒட்டிய தாளையும் வாங்கிவிடுங்கள்.

எங்களுக்கு அந்தக் குறிப்பு மூன்றாவது கடிதத்துக்கு அப்புறம்தான் வந்தது. 'பின்பக்க வழி' என்று முதல் வரியிலேயே இருந்தது.